இன்னும் கொஞ்சம் தெற்கே

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் இரண்டு ஆண்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்து, ஒரு செம்புக் கம்பியைப் பிளாஸ்டிக் குழாயில் சுற்றுவதையும், சுற்று சரியா தவறா என்று சண்டையிட்டுக்கொள்வதையும் எங்கள் தெரு மூன்று மாதங்கள் வேடிக்கை பார்த்தது. அந்த இருவரும் நாங்கள்தாம், அண்ணனும் தம்பியும். செய்துகொண்டிருந்தது ஒரு சிறிய டிரோனுக்கான ஆண்டெனா. பிள்ளைகள் விளையாட வேண்டிய வயதில் இவர்கள் விளையாடுகிறார்களே என்று கேட்டவர்களுக்கு நாங்கள் அப்போது விளக்கம் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

அறந்தாங்கிக்குத் தெற்கே எங்கள் ஊர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கடந்து போனபோது, அப்பா நட்டு வளர்த்த 140 தென்னைகளில் 11 மட்டும் மிஞ்சின. மறு ஆண்டே அவர் அதே குழிகளுக்குப் பக்கத்தில் புதிய குழிகள் வெட்டிக் கன்றுகள் வைத்தார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. காய்ப்பைப் பார்க்க இருப்போமா என்ற கேள்வியை அவர் கேட்டதில்லை, நாங்களும் கேட்கவில்லை. கன்றுகள் பாளை விடும் பருவத்துக்கு வந்த நேரத்தில் அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் அறுவை சிகிச்சை. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு திண்ணைவரை வருவதே அவருக்கு ஒரு நாள் வேலை ஆயிற்று. தோப்போ வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர். இடையில் கண்மாய்க் கரையும் வயல் வரப்பும். வண்டி போகும் பாதை கிடையாது.

கைபேசியில் படமெடுத்துக் கொண்டுவந்து காட்டினோம். பார்த்தார். "காலடியில நின்னு எடுத்தா என்ன தெரியும்?" என்றார். மறுநாள் இன்னொரு படத்தைக் காட்டியபோது, "இது நேத்து உள்ளதுதானே, இப்ப எப்படி இருக்கு?" என்றார். நேரடியாகக் காட்டலாம் என்றால் தோப்பில் கைபேசிக்குப் பேச்சு மட்டும்தான் எட்டும், படம் எட்டாது. டிரோன் என்ற எண்ணம் அங்கே முளைத்தது.

2022 பிப்ரவரியிலேயே முழு டிரோன்களின் இறக்குமதியை அரசு தடைசெய்துவிட்டது. உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. அதனால் நாங்கள் பாகங்களாக வாங்கிக் கூட்டினோம். மொத்த எடை 250 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தோம். 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் அந்த எடைக்கு உட்பட்டதை நானோ வகை என்கின்றன. அதை இயக்க ஓட்டுநர் சான்றிதழ் வேண்டியதில்லை. எங்கள் வான்பகுதி அரசின் வரைபடத்தில் பச்சை நிறத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டோம். கேமரா எடுப்பதை 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையில் அனுப்ப 25 மில்லிவாட் சக்தியில் ஒரு சிறிய ஒளிபரப்பி. வீட்டில் ஒரு வாங்கி. அதன் வயரை அப்பாவின் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறம் செருகினால் படம் வரும். டிஜிட்டல் கருவிகளும் உண்டு. ஆனால் டிஜிட்டல் படம் கெடும்போது உறைந்து நின்றுவிடும்; அனலாக் படமோ புள்ளிகள் பெருகிப் பெருகி, போகப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போகும். விலையும் குறைவு.

முதல் நாள் நாங்கள் செய்தது இன்று நினைத்தாலும் வெட்கம் தருவது. மாடியில் நின்றபடியே தோப்புவரை ஓட்டிவிடலாம் என்று அனுப்பினோம். இருநூறு மீட்டர் தாண்டியதுமே அது கண்ணுக்கு ஒரு புள்ளி. அதன்பின் அதுவும் இல்லை. திரையை மட்டும் நம்பி ஓட்டினோம். கண்மாய்க் கரையின் மரங்களுக்குப் பின்னால் அது இறங்கியதும் திரை முழுக்க வெள்ளைப் புள்ளி. எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது, ஒன்றும் தெரியவில்லை. கட்டுப்பாட்டு அலை இன்னும் எட்டிக்கொண்டிருந்தது. ஆனால் குருடனுக்குக் கடிவாளம் இருந்து என்ன பயன்? கீழே தண்ணீர்தான் என்று நினைத்து மோட்டாரை நிறுத்தினோம். அது விழுந்தது தண்ணீரில் அன்று. வயலில் பெண்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தடி தூரத்தில் சேற்றில் குத்தி நின்றதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு அக்கா எங்களுக்காகக் காத்திருந்தார். "ஏந்தம்பி, இது எந்தலையில விழுந்திருந்தா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தோம்.

அன்றிரவு எங்களுக்குள் வாக்குவாதம். சக்தி போதவில்லை, 800 மில்லிவாட் ஒளிபரப்பியாக மாற்றிவிடலாம் என்றான் மூத்தவன். கணக்கும் போட்டுக் காட்டினான். 32 மடங்கு சக்தி. ஆனால் தூரம் 32 மடங்கு ஆகாது. அலை செல்லச் செல்லப் பரவி மெலிவதால், தூரத்தை இரட்டிப்பாக்கச் சக்தியை நான்கு மடங்காக்க வேண்டும். டெசிபல் கணக்கில் ஆறு. ஆக 32 மடங்கு சக்திக்குக் கிடைப்பது ஐந்தரை மடங்குத் தூரம். அதுவும் குறைவில்லைதான். ஆனால் அந்தக் கருவி நெருப்பாய்ச் சுடும், சின்னஞ்சிறு பேட்டரியைக் குடிக்கும், எடையும் கூடும் என்றான் இளையவன். இரண்டுமே சரியான வாதங்கள் என்பதால் சண்டை நீண்டது.

திண்ணைக் கட்டிலில் படுத்திருந்த அப்பா கேட்டுக்கொண்டேயிருந்தார். கடைசியில் சொன்னார்: "அந்தக் காலத்துல கொழும்புக்காரன் கிட்டப் போயி சத்தமாப் போடுன்னா சொன்னோம்? நாமதான கம்பத்த ஒசத்துனோம்."

*

இந்த வார்த்தையின் முழுப் பொருள் தெரிய, எண்பதுகளின் எங்கள் கூரையைப் பார்த்திருக்க வேண்டும். 1982-இல் இலங்கை ரூபவாஹினி தொடங்கியபின், கடலோர மாவட்டங்களில் தொலைக்காட்சி வாங்கியவர்கள் பலருடைய ஆண்டெனாவும் தென்கிழக்கு நோக்கித்தான் நின்றது. நாற்பதடி இரும்புக் குழாயின் உச்சியில் மீன்முள்போல் அலுமினியக் குச்சிகள். சில இரவுகளில் படம் கண்ணாடிபோல் வரும். சில இரவுகளில் புள்ளிதான். கடலின்மேல் காற்று அடுக்கடுக்காக வெப்பம் மாறி நிற்கும் நாட்களில் அலைகள் வளைந்து தொலைவு வரும் என்பதெல்லாம் பின்னாளில் படித்தது. அன்று எங்களுக்குத் தெரிந்தது, அப்பா கூரைமேல் நின்று குழாயைத் திருப்புவார், நாங்கள் பெட்டிக்கு முன்னால் நிற்போம் என்பதுதான். "தெரியுதா?" என்று மேலிருந்து குரல் வரும். "இல்லப்பா!" என்போம். "இப்ப?" "இன்னும் கொஞ்சம் தெக்க!" சிங்களச் செய்திக்கு நடுவில் எப்போது தமிழ் வரும் என்று காத்திருந்த தெரு முழுவதும் எங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்.

அந்த மீன்முள்ளுக்கு யாகி-உடா ஆண்டெனா என்று பெயர். ஜப்பானின் செண்டாய் நகரில், தொஹோகு பல்கலைக்கழகத்தில், ஷின்டாரோ உடாவும் அவருடைய பேராசிரியர் ஹிடெட்சுகு யாகியும் 1926-இல் வெளியிட்டது. 1928-இல் யாகி ஆங்கிலத்தில் எழுதியதால் உலகம் யாகி என்ற பெயரையே பிடித்துக்கொண்டது. உழைத்த உடாவின் பெயர் பின்தங்கிற்று. அதைவிட வேடிக்கை ஒன்றும் உண்டு. 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியர் கைப்பற்றிய பிரிட்டிஷ் ரேடார்க் குறிப்புகளில் 'யாகி' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்ததாம். அது என்ன சங்கேதம் என்று பிடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாயிடம் கேட்டிருக்கிறார்கள். அது உங்கள் ஊர்ப் பேராசிரியரின் பெயர் அல்லவா என்று அவன் வியந்தான் என்று சொல்வார்கள். வீட்டில் சொன்னதைக் கேட்காமல் வெளியில் கேட்டுத் தெரிந்துகொள்வது எல்லா ஊரிலும் உள்ளதுதான் போலும்.

அப்பாவின் வார்த்தைக்குப் பிறகு நாங்கள் செய்த முதல் காரியம், பிரச்சினையை இரண்டாகப் பிளந்தது. ஒரு கிலோமீட்டர் கடக்க வேண்டியது டிரோன் அன்று, படம் மட்டுமே. எனவே ஓட்டுகிறவன் தோப்பிலேயே நிற்பான். கண்ணுக்கு முன்னால், ஆள் நடமாட்டமில்லாத எங்கள் வரப்புக்குள் ஓட்டுவான். வீட்டில் இருப்பவன் படத்தைப் பிடிப்பான். இதை முதலிலேயே ஏன் யோசிக்கவில்லை என்று கேட்டால், தூரம் ஓட்ட வேண்டும் என்ற ஆசைதான் காரணம். அப்பாவுக்காக என்று சொல்லிக்கொண்டோமே தவிர அந்த ஆசை எங்களுடையது. சேற்றில் நின்ற அந்த அக்காதான் அதை எங்களுக்குப் பிரித்துக் காட்டினார்.

இனி ஆண்டெனா. அது எதையும் உற்பத்தி செய்வதில்லை, இருப்பதைத் திசைப்படுத்துகிறது. அரிக்கேன் விளக்குக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைப் பிடித்தால் முன்பக்கம் வெளிச்சம் கூடும். எண்ணெய் கூடுவதில்லை, பின்பக்கம் இருள்கிறது. அனுப்பும் ஆண்டெனாவுக்கு உள்ள இதே குணம் வாங்கும் ஆண்டெனாவுக்கும் உண்டு. ஒரு பக்கத்தைக் கூர்ந்து கேட்க வேண்டுமானால் மற்றப் பக்கங்களை விட்டுவிட வேண்டும். பறக்கும் கருவி திரும்பும், சாயும். ஆகவே அதன்மேல் எல்லாப் பக்கமும் அனுப்பும் சிறிய ஆண்டெனாதான் இருக்க வேண்டும். ஆனால் வீடும் தோப்பும் நகர்வதில்லை. வீட்டில் இருக்கும் காது ஒரே திசையைப் பார்த்து நிற்கலாம்.

கணக்கு இப்படி விழுந்தது. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலை தடையற்ற வெளியில் ஒரு கிலோமீட்டர் கடந்தால் ஏறக்குறைய 108 டெசிபல் இழக்கும். 25 மில்லிவாட்டில் கிளம்பி, வாங்கியோடு வந்த குச்சி ஆண்டெனாவில் வந்து சேரும்போது, அது வாங்கியின் கேட்கும் எல்லையில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு மரம் குறுக்கிட்டாலும் போயிற்று. அந்தக் குச்சியின் பெருக்கம் இரண்டு டெசிபல். சதுரத் தகடு வடிவ ஆண்டெனாவில் எட்டு. பல சுற்றுச் சுருள் ஆண்டெனாவில் பன்னிரண்டு, பதின்மூன்று. பத்து டெசிபல் கூடினாலே மூன்று மடங்குத் தூரம். ஒளிபரப்பியில் ஒரு துளி சக்தியும் கூட்டாமல்.

முதலில் தகடு ஒன்றைத் தபாலில் வரவழைத்தோம். மரை அழகாகச் சேர்ந்தது. படம் முன்னைவிட மோசம். ஒரு மாலை முழுவதும் திருகித் திருகிப் பார்த்தோம். இந்தத் திருகுமுனைகளில் எஸ்எம்ஏ என்றும் ஆர்பி-எஸ்எம்ஏ என்றும் இரண்டு சாதி. வெளி மரை இரண்டுக்கும் ஒன்றே. நடுவிலுள்ள ஊசி மட்டும் இடம் மாறியிருக்கும். தவறான இரண்டைச் சேர்த்தால் ஒன்று ஊசியும் ஊசியும் முட்டும், அல்லது துளைக்கு எதிரே துளையே இருக்கும். எங்களுடையது இரண்டாவது. வெளியே இறுக்கமாகப் பிணைந்திருந்தும் உள்ளே தொடர்பே இல்லை. வாங்கியில் நடந்ததால் பிழைத்தோம். ஒளிபரப்பியில் இதைச் செய்திருந்தால், வெளியேற வழியற்ற சக்தி உள்ளேயே திரும்பி அதை எரித்திருக்கக்கூடும். வாங்கும் முன் நடுவில் இருப்பது ஊசியா துளையா என்று பாருங்கள். மற்ற எண்களெல்லாம் அப்புறம்.

பிறகு சுருளை நாங்களே செய்வது என்று முடிவெடுத்தோம். இது 1946-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் கிராஸ் கண்டது. சுருளை ஆண்டெனாவாகப் பயன்படுத்த முடியுமா என்று அவர் ஓர் அறிஞரிடம் கேட்டபோது, முயன்று பார்த்தேன், வேலை செய்யாது என்று பதில் வந்ததாம். வீட்டுக்குப் போய்ச் சுற்றிப் பார்த்திருக்கிறார். செய்முறை எளிது. ஒரு சுற்றின் சுற்றளவு ஏறக்குறைய ஓர் அலைநீளம். எங்கள் அலைக்கு அது ஐந்து சென்டிமீட்டர் சொச்சம். சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைவெளி கால் அலைநீளம். வயரிங் வேலைக்குப் பயன்படும் 19 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் செம்புக் கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றினால் முழு ஆண்டெனாவும் ஒரு சாண் நீளம்கூட இல்லை. பின்னால் தடுப்பாக ஒரு செப்புத் தகடு.

சுற்றி முடித்து மேலே வைத்தோம். புள்ளி. குச்சி ஆண்டெனாவில் தெரிந்ததுகூட இதில் தெரியவில்லை. இரண்டு நாள் ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னோம். மூன்றாம் நாள், கொல்லையிலிருந்து பறித்து வந்த அவரைக்கொடி ஒன்று திண்ணையில் கிடந்தது. அதன் முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்த இளையவனுக்குப் பொறி தட்டியது. டிரோனின் ஆண்டெனா அலையைச் சுழற்றி அனுப்பும் வகை. அந்தச் சுழற்சிக்கு வலம், இடம் உண்டு. எங்கள் டிரோனில் இருந்தது வலஞ்சுழி. நாங்கள் சுற்றியிருந்தது இடஞ்சுழி. சங்கில் இடம்புரியும் வலம்புரியும் போல. ஒன்றின் குரலை மற்றொன்று ஏறக்குறையக் கேட்பதேயில்லை. இழப்பு இருபது டெசிபல்வரை போகும். பன்னிரண்டைச் சேர்க்கப்போய் இருபதைத் தொலைத்திருந்தோம். சாதாரணத் திருகாணியின் புரி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்று வைத்துக்கொண்டு மறுபடி சுற்றினோம்.

மிச்சமிருந்தது உயரம். இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு நேர்க்கோடு தெளிவாகத் தெரிந்தால் போதும் என்று நினைக்கத் தோன்றும், போதாது. அலைக்குக் கோட்டைச் சுற்றிலும் இடம் வேண்டும், நூல் சுற்றிய கதிரைப்போல நடுவில் பருத்த இடம். எங்கள் தூரத்துக்கும் அலைக்கும் அந்தக் கதிரின் நடு ஆரம் மூன்றரை மீட்டர். கண்மாய்க் கரை மரங்களின் தலை அதற்குள் நுழையக் கூடாது. ஈர இலையைப்போல் இந்த அலையைக் குடிப்பது வேறில்லை. கஜாவில் சாய்ந்த அப்பாவின் இரும்புக் குழாய் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது. வளைந்த பகுதியை அறுத்துவிட்டு, நேராக இருந்த இருபதடியை மாடியில் நிறுத்தினோம். சுருளை மட்டும் உச்சியில் வைத்து ஆண்டெனாக் கேபிளைக் கீழே இழுக்கவில்லை. மெல்லிய கேபிள் ஒரு மீட்டருக்கு இரண்டு டெசிபல் அளவுக்குத் தின்னும். கீழே வருவதற்குள் பாடுபட்டதெல்லாம் போய்விடும். வாங்கியையே ஒரு டப்பாவில் அடைத்து உச்சியில் கட்டினோம். அங்கிருந்து படமாக மாறிய பிறகு சாதாரண வயரில் இறங்கட்டும்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மூத்தவன் தோப்பில், இளையவன் மாடியில், குழாயைப் பிடித்தபடி, அப்பா கூடத்தில், தொலைக்காட்சிக்கு முன்னால். சுருளின் பார்வை அகலம் சுமார் முப்பது பாகை. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் அது ஐந்நூறு மீட்டருக்குமேல் விரியும். தோப்பு அதில் அடங்கிவிடும் என்பது எங்கள் கணக்கு. டிரோன் முப்பது மீட்டர் உயரம் எழுந்தது.

"தெரியுதாப்பா?" என்று மாடியிலிருந்து குரல் கொடுத்தோம்.

"புள்ளியாத்தான் இருக்கு."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் தெக்க."

குழாயைத் திருப்பினோம். கீழே சத்தமில்லை. மறுபடி கேட்டோம்; பதில் வரவில்லை. பயந்துபோய் இறங்கி ஓடினால், அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். திரையில் மேலிருந்து பார்த்த தோப்பு. வரிசை வரிசையாகப் பச்சை நட்சத்திரங்கள். ஓரத்தில் பழைய பதினொன்றும் உயரமாக நின்றன. அவர் விரலால் காற்றில் எண்ணிக்கொண்டிருந்தார்.

"மூணாவது வரிசைல ரெண்டு, நாலாவதுல ஒண்ணு. கிட்டப் போகச் சொல்லு."

கைபேசியில் சொன்னோம். டிரோன் இறங்கி அந்தக் கன்றுகளுக்கு மேல் நின்றது. மட்டைகளின் ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோண வடிவில் குறைந்திருந்தது. "காண்டாமிருக வண்டு. குருத்துக்குள்ள இருக்கு. தெனமும் போறீங்க, ஒருத்தன் கண்ணுலயும் படலையா?" என்றார். கீழே நின்று அண்ணாந்து பார்த்த எங்களுக்கு அது காற்றில் கிழிந்த ஓலையாகத்தான் தெரிந்திருந்தது. அன்று மாலையே கம்பியால் குத்தி வண்டுகளை எடுத்தோம். மூன்று கன்றுகளில் இரண்டு பிழைத்துக்கொண்டன.

ஆண்டெனா மாற்ற நினைப்பவர்கள் எங்களிடம் கேட்டால் சொல்வதற்கு அதிகமில்லை. அனுப்புவதை உரக்கச் செய்யும் முன், வாங்குவதைக் கூர்மையாக்குங்கள். ஊசியைப் பாருங்கள். புரியைப் பாருங்கள். மரங்களுக்கு மேலே வையுங்கள். எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதற்கு முன்னால், யார் தலைக்குமேல் எட்டுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஞாயிறுதோறும் டிரோன் எழுகிறது. சுருள் அசையாமல் கட்டியாகிவிட்டது; மாடியில் ஆள் நிற்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தாலும் படம் தொடங்கும்போது, இருபதடிக் குழாயைப் பார்த்துக் கூடத்திலிருந்து ஒரு குரல் வருகிறது, இன்னும் கொஞ்சம் தெற்கே திருப்பச் சொல்லி. நாங்களும் திருப்பியாயிற்று என்று சொல்லிவிடுகிறோம்.